வீட்டில் கட்டும் லேசர் இயந்திரத்தில் மின்னணுப் பகுதியைச் சூடேறாமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

40 வாட் வகைக் கண்ணாடிக் குழாய் கார்பன் டை ஆக்சைடு லேசரையும், நீல டயோடு லேசரையும் சொந்தமாகக் கட்டுபவர்களுக்காக எழுதியது இது. குழாய்க்கான தண்ணீர்க் குளிரூட்டல் தனிப் பாடம். இங்கே பேசுவது பவர் சப்ளை, கண்ட்ரோலர் போர்டு, மோட்டார் டிரைவர் (மோட்டாருக்கு மின்னோட்டம் அனுப்பும் சிறு போர்டு), ரிலே ஆகியவை இருக்கும் பெட்டியைப் பற்றி. அதோடு சேர்ந்தே வரும் சில தண்ணீர் விஷயங்களும் உண்டு.

பெட்டிக்குள் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது என்பதைப் பார்க்க வேண்டாம். அதில் எவ்வளவு பெட்டிக்குள்ளேயே வீணாகிறது என்பதைப் பாருங்கள். ஒரு 40 வாட் குழாய் 15 கிலோவோல்ட்டில் 16 மில்லி ஆம்பியர் இழுத்தால் அது 240 வாட். லேசர் பவர் சப்ளையின் திறன் 85 விழுக்காடு என்று வைத்தால், சப்ளை மட்டும் 42 வாட் வெப்பத்தை விடும். குழாய்க்குப் போன 240 வாட்டில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். அது உங்கள் பெட்டியின் கவலை இல்லை.

24 வோல்ட் சப்ளை 100 வாட் கொடுக்கும்போது, 87 விழுக்காடு திறனில், 15 வாட் அதற்குள்ளேயே தங்கும். இரண்டு டிரைவரும் கண்ட்ரோலரும் சேர்ந்து 6 வாட், ரிலேக்களும் 5 வோல்ட் மாற்றியும் 2 வாட். ஆகமொத்தம் 65 வாட். மூடிய சின்னப் பெட்டிக்குள் இது குறைவான அளவில்லை. காற்றோட்டம் இல்லையென்றால் ஒரு மணி நேர வேலையில் உள்ளே இருக்கும் காற்று அறையைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

அதற்கு எத்தனை பெரிய ஃபேன் வேண்டும்?

மனத்தில் வைக்க எளிய சூத்திரம் ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பது, வெப்பத்தை வாட்டில் எடுத்து 3-ஆல் பெருக்கி, நீங்கள் அனுமதிக்கும் வெப்ப உயர்வால் வகுத்தால் வரும். 65 வாட், 8 டிகிரி உயர்வு என்றால் 3 × 65 ÷ 8 = ஏறத்தாழ 24 கன மீட்டர்.

பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த படியில். ஃபேனின் மேல் எழுதியிருக்கும் அளவு, முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. வடிகட்டி, கம்பி வலை, துளைத் தகடு எல்லாம் வந்துவிட்டால் அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். ஆகவே 24 வேண்டும் என்றால் 70 முதல் 90 வரை எழுதியிருக்கும் ஃபேனை வாங்குங்கள். 120 மி.மீ. ஃபேன்களில் இந்த அளவு சுலபமாகக் கிடைக்கும். அதே காற்றை 60 மி.மீ. ஃபேனில் எடுக்கப் போனால் அது அதிவேகத்தில் சுற்ற வேண்டும்; சத்தமும் அதிகம், பேரிங்கும் சீக்கிரம் தேயும். சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்ற அலகில் எழுதியிருந்தால் 1.7-ஆல் பெருக்குங்கள்.

ஃபேன் காற்றை உள்ளே தள்ள வேண்டுமா, வெளியே இழுக்க வேண்டுமா?

உள்ளே தள்ள வேண்டும். லேசர் இயந்திரத்தில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு.

சாதாரணக் கணினிப் பெட்டியில் இழுத்தாலும் தள்ளினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசரில் பக்கத்து அறையிலேயே மரமும் அக்ரிலிக்கும் தோலும் எரிந்துகொண்டிருக்கின்றன. மின்னணுப் பெட்டிக்கும் வெட்டும் அறைக்கும் நடுவே வயர் போகும் துளை எங்காவது இருக்கத்தான் செய்யும். ஃபேன் காற்றை வெளியே இழுத்தால் பெட்டிக்குள் அழுத்தம் குறையும். அந்தத் துளை வழியாகப் புகை நேராகப் போர்டுக்கு வரும். புகையில் கரித்துகளோடு பிசினும் இருக்கும். அது ஹீட் சிங்க் (வெப்பத்தைக் காற்றுக்கு விடும் உலோகத் துண்டு) இதழ்களின் இடையே ஒட்டிக்கொண்டு போர்வையாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால் நெருக்கமான ஐசி கால்களுக்கு இடையிலும், உயர் மின்னழுத்த முனையைச் சுற்றியும் கசிவுப் பாதை உண்டாகும்.

காற்றை உள்ளே தள்ளினால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றே கூடும். எந்தத் துளை இருந்தாலும் அதன் வழியாகக் காற்று வெளியேதான் போகும். அதோடு, வெட்டும் அறையின் புகைபோக்கி ஃபேன் அங்கே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் இரண்டும் ஒரே திசையில் வேலை செய்யும்.

செய்ய வேண்டியது: புகைபோக்கிக் குழாய் வெளியேறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், கீழே, வடிகட்டியோடு ஒரு ஃபேன். எதிர் மூலையில் மேலே வெளியேறும் துளைகள். அந்தத் துளைகளின் மொத்தப் பரப்பு ஃபேனின் வாய்ப் பரப்புக்குச் சமமாக, அதாவது 120 மி.மீ. ஃபேனுக்கு 90 முதல் 100 சதுர செ.மீ. இருக்கட்டும். இழுக்கும் ஃபேன் இரண்டாவதாக வைக்கவே வேண்டாம். அது தள்ளும் ஃபேனைவிட வலுவாக இருந்துவிட்டால் மொத்த ஏற்பாடும் தலைகீழாகும்.

காற்றின் திசை சரியா என்று எப்படிச் சோதிப்பது?

இரண்டு ஃபேனையும், அதாவது பெட்டி ஃபேனையும் புகைபோக்கியையும் ஓடவிட்டு, வயர் துளை அருகே மெல்லிய டிஷ்யூ தாள் துண்டைப் பிடியுங்கள். லேசர் அணைந்திருக்க வேண்டும், உயர் மின்னழுத்தப் பக்கம் மின்சாரம் இருக்கக் கூடாது. தாள் வெட்டும் அறைப் பக்கம் சாய்ந்தால் சரி. புகைபோக்கியை நிறுத்திவிட்டு மறுபடியும் பாருங்கள். அப்போதும் அதே பக்கம் சாய வேண்டும்.

பொருள்களை எந்த வரிசையில் பொருத்துவது?

காற்று முதலில் தொடுவது வெப்பத்தைத் தாங்காத பொருளாக இருக்க வேண்டும். நுழைவாயிலருகே கண்ட்ரோலரும் டிரைவரும், அடுத்து 24 வோல்ட் சப்ளை, கடைசியாக, வெளியேறும் துளைக்கு முன், லேசர் பவர் சப்ளை. இதை மாற்றி வைத்தால் 42 வாட் சூட்டில் காய்ந்த காற்று டிரைவர் மேல் போய் விழும்.

சப்ளைகளின் துளையுள்ள பக்கங்களில் குறைந்தது 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். அவற்றின் சொந்த ஃபேன் ஊதும் திசையும் பெட்டிக் காற்றின் திசையும் எதிரெதிராக இருந்தால் இரண்டும் மோதிக்கொண்டு நடுவில் வெப்பம் தேங்கும். சப்ளையைத் திருப்பி வைத்தாலே தீர்ந்துவிடும். 24 வோல்ட் சப்ளைகள் பலவற்றுக்கு முழுச் சுமை என்பது சுற்றுக் காற்று 50 டிகிரி வரைதான். அதற்கு மேல் குறைந்த சுமையே அனுமதி.

உயர் மின்னழுத்த முனையையும் அதன் சிவப்பு வயரையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லேசர் குழாய் ஒளிரத் தொடங்கும் கணத்தில் 20 கிலோவோல்ட் வரை ஏறும். கூரான முனையிலிருந்து இந்த அழுத்தம் 20 மி.மீ. காற்றையும் தாண்டிப் பாயும். ஃபேன், அதன் கம்பி வலை, வயர், தகடு எதுவுமே அந்த முனைக்கு 50 மி.மீ. அருகில் வரக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சப்ளைக்குள் உள்ள கபாசிட்டர்களிலும் குழாயிலும் மின்னேற்றம் தங்கும். லேசர் சப்ளையின் மூடியைக் கழற்றி உள்ளே ஹீட் சிங்க் மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

வெட்டும்போது திடீரென்று வடிவம் சில மி.மீ. தள்ளிப்போகிறது. சூடுதான் காரணமா?

பெரும்பாலும் டிரைவரின் வெப்பப் பாதுகாப்புதான். டிரைவராகப் பயன்படும் ஏ4988 சிப் உள்ளே 165 டிகிரி அளவில் சூடேறினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்; ஆறியதும் தானே விழிக்கும். அந்த இடைவெளியில் மோட்டாரை அடி அடியாக நகர்த்தக் கண்ட்ரோலர் அனுப்பிய கட்டளைகள் எல்லாம் வீண். கண்ட்ரோலருக்கு அது தெரியாது என்பதால் அதன்பின் வெட்டுவது எல்லாமே தள்ளித்தான் விழும். அடையாளம் என்னவென்றால், வேலை தொடங்கிய பத்து இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் வரும். குளிர்ந்த இயந்திரத்தில் வராது. தொடங்கியவுடனே வந்தால் பெல்ட், புல்லி ஸ்க்ரூ, வேக அளவு ஆகியவற்றைத் தேடுங்கள்.

முதலில் மின்னோட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். டிரைவரின் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 1 ஆம்பியரிலிருந்து 1.5-க்குப் போனால் வெப்பம் 2.25 மடங்கு. லேசர் தலை எடை குறைவானது. வெட்டும் கருவிபோல எதிர்ப்பும் இல்லை. மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள முழு மின்னோட்டம் பெரும்பாலான கட்டுமானங்களில் தேவையே இல்லை. 60 முதல் 70 விழுக்காடு போதும்.

மின்னோட்ட எல்லையை, போர்டில் உள்ள சிறு திருகைத் திருகி, வி-ரெஃப் என்ற மின்னழுத்தத்தால் வைக்கிறோம். ஏ4988 போர்டில், உணர்தடை (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு தடை) 0.1 ஓம் என்றால், வி-ரெஃப் அளவு ஆம்பியரின் 0.8 மடங்கு. 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். உணர்தடை 0.068 ஓம் உள்ள போர்டுகளும் உண்டு. அவற்றில் அதே 1 ஆம்பியருக்கு 0.54 வோல்ட்தான். தடையின் மேல் ஆர்100 என்றோ ஆர்068 என்றோ எழுதியிருப்பதைப் பார்க்காமல் திருகினால் ஒன்றரை மடங்கு மின்னோட்டம் போய்விடும். டிஆர்வி8825 என்ற இன்னொரு டிரைவரில், 0.1 ஓம் தடையோடு, 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட்.

டிரைவர் மேல் ஒட்டும் குட்டி அலுமினிய ஹீட் சிங்க் போதாதா?

தனியாகப் போதாது. ஏ4988, டிஆர்வி8825 போன்றவற்றில் வெப்பம் முக்கியமாகச் சிப்பின் அடிப்பக்க உலோகத் தட்டு வழியாகச் செம்புப் போர்டுக்குள்தான் இறங்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் உடல் வெப்பத்தை மெதுவாகவே விடும். ஆகவே ஹீட் சிங்க் ஒட்டியதைவிட, போர்டின் இரு பக்கமும் காற்று தழுவிப் போவதுதான் அதிகப் பலன் தரும். கண்ட்ரோலரைத் தகட்டோடு ஒட்டிவிடாமல் 10 மி.மீ. தாங்கிகள் மேல் உயர்த்தி வையுங்கள்.

டிஎம்சி2209 என்ற டிரைவரின் சிறு போர்டுகள் பலவற்றில் சிப் கீழ்ப்பக்கம் இருக்கும். ஹீட் சிங்க்கை மேலே தெரியும் செம்புப் பரப்பில் ஒட்ட வேண்டும். அது பக்கத்துப் பின் வரிசையைத் தொட்டால் ஷார்ட் ஆகும். ஒட்டும்போது பின்களிலிருந்து 1 மி.மீ. விலகி இருக்கிறதா என்று பாருங்கள். போர்டு தலைகீழாகப் பொருந்தும் இயந்திரங்களில் ஒட்டுத்தாள் சூட்டில் இளகி ஹீட் சிங்க் விழுந்துவிடும். அங்கே வெப்பம் கடத்தும் பசை நல்லது.

மோட்டார் சும்மா நிற்கும்போதும் கொதிக்கிறதே?

ஸ்டெப்பர் மோட்டார் நிற்கும்போதும் முழு மின்னோட்டம் இழுக்கும். ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோலர் மென்பொருளில் $1 (நின்றபின் மோட்டாரை எப்போது விடுவது என்ற அமைப்பு) மதிப்பை 255 என்று வைத்திருந்தால் அது மோட்டாரை ஒருபோதும் விடாது. முழுவதும் விட்டுவிட்டால் தலை நகர்ந்து இடம் தவறலாம். அதனால், நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதியுள்ள டிரைவரைப் பயன்படுத்துவதே நல்ல வழி. மோட்டார் உடல் 60 டிகிரி வரை போவதில் மோட்டாருக்குத் தீங்கில்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும் தாங்கி பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டதாக இருந்தால் 55 முதல் 60 டிகிரியிலேயே இளகும்.

காற்று பம்ப் இயக்கும் மாஸ்ஃபெட் போர்டு தொட முடியாத சூடு. ஏன்?

மாஸ்ஃபெட் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்ச். உங்களுடையது ஐஆர்எஃப்520 என்ற மாஸ்ஃபெட் வைத்த சிறு போர்டாக இருக்கும். அந்த மாஸ்ஃபெட் முழுமையாகத் திறக்க, கேட் என்ற கட்டுப்பாட்டு முனையில் 10 வோல்ட் வேண்டும். கண்ட்ரோலர் தருவது 5 அல்லது 3.3 வோல்ட். பாதி திறந்த நிலையில் அது தடையாக மாறிச் சூடாகிறது. முழுதாகத் திறந்தாலும் அதன் தடை 0.27 ஓம், 2 ஆம்பியரில் 1 வாட்டுக்கு மேல். ஐஆர்எல்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் போட்டால் 5 வோல்ட் கேட்டிலேயே தடை 0.025 ஓம், அதே 2 ஆம்பியரில் 0.1 வாட். ஹீட் சிங்க்கே வேண்டாம். கண்ட்ரோலர் 3.3 வோல்ட் வகையென்றால் அந்த அழுத்தத்திலேயே முழுதாகத் திறக்கும் என்று தகவல்தாளில் குறித்திருக்கும் மாஸ்ஃபெட் அல்லது தனி கேட் டிரைவர் தேவை. பம்ப் முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட மறக்காதீர்கள்.

இதே தவறின் இன்னொரு முகம் 7805 என்ற 5 வோல்ட் சீராக்கி. 24 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுத்து 0.3 ஆம்பியர் இழுத்தால் 19 × 0.3 = 5.7 வாட் அந்தச் சிறு பாகத்தில் எரியும். பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைந்த இழப்போடு இறக்கும் மாற்றி) ஒன்று போட்டால் கால் வாட்டில் முடியும். பெட்டியில் ஃபேன் சேர்ப்பதற்கு முன் இப்படி உண்டாகவே தேவையில்லாத வெப்பத்தைத் தேடிக் களையுங்கள்.

சாலிட் ஸ்டேட் ரிலேயும் இந்த வகைதான். அதன் குறுக்கே 1.2 முதல் 1.5 வோல்ட் விழும். 3 ஆம்பியரில் 4 வாட். உலோகத் தகட்டோடு தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்குங்கள்.

டயோடு லேசர் கட்டுகிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பெட்டி சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் கவலை லேசர் தலையிலேயே இருக்கிறது. ஒளியாக 5 வாட் தரும் நீல டயோடு ஏறத்தாழ 15 முதல் 20 வாட் மின்சாரம் இழுக்கும். மீதி 10 முதல் 15 வாட், கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத ஓர் உலோக உறைக்குள் வெப்பமாகிறது. சூடு ஏற ஏற அதே மின்னோட்டத்தில் ஒளி குறையும். வெட்டு ஆழம் குறைகிறதே என்று மின்னோட்டத்தைக் கூட்டினால் இன்னும் சூடாகும். டயோடுகள் கெடும் வழி பெரும்பாலும் இதுதான்.

அறை 35 டிகிரி, டயோடு அடித்தளம் 50-ஐத் தாண்டக் கூடாது, வெப்பம் 12 வாட் என்று வைப்போம். 50 − 35 = 15 டிகிரி உயர்வுதான் அனுமதி; 15 ÷ 12 = வாட்டுக்கு 1.25 டிகிரி. 40 மி.மீ. சதுர ஹீட் சிங்க் ஃபேன் இல்லாமல் இதற்கு அருகில்கூட வராது. ஃபேன் கட்டாயம். அந்த ஃபேன் காற்றை நேராகக் கீழே, வெட்டும் இடத்தில் ஊதினால் புகை திரும்பி லென்ஸில் படியும். பக்கவாட்டில் வெளியேறும்படி தகடு வைத்து மடக்குங்கள். லென்ஸில் படிந்த கரி லேசர் ஒளியை உறிஞ்சித் தானே சூடாகும்.

டயோடு உறைக்கும் கூட்டுக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். நிறையத் தடவினால் சூட்டில் வழிந்து ஆவி லென்ஸில் படியும்.

பெல்டியர் தட்டு (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் தட்டு) வைத்து இன்னும் குளிர வைக்கலாமா? தண்ணீரில் ஐஸ் போடலாமா?

அளவோடு செய்யலாம். காற்றில் உள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே எந்தப் பாகத்தையும் இறக்கக் கூடாது. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அந்த எல்லை 24 டிகிரி. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 60 என்றால் 17 டிகிரி. இதற்குக் கீழே போன குழாயின் மேல் நீர் கோர்த்து, உயர் மின்னழுத்தம் அதன் வழியாகத் தகட்டுக்குப் பாயும். டயோடு என்றால் லென்ஸ் மங்கும், முனைகள் துருப்பிடிக்கும். பத்து ரூபாய்ப் பாட்டில் ஐஸாக இருந்தாலும் பெரிய சில்லராக (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமாக) இருந்தாலும் இயற்பியல் ஒன்றுதான்: ஈரப்பதமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லைக்கு 2 டிகிரி மேலேயே நிறுத்துங்கள்.

குழாயின் தண்ணீர்ச் சுற்றிலேயே மின்னணுப் பாகங்களையும் குளிர்வித்துவிட்டால்?

வேண்டாம். ஒரு இணைப்பு கசிந்தால் மின்சாரப் பெட்டிக்குள் தண்ணீர். அதோடு, நீங்கள் பாடுபட்டுக் குளிர்வித்த தண்ணீருக்குச் சப்ளையின் வெப்பத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள்.

வெப்பநிலையை எங்கே அளப்பது, எது வரை பயமில்லை?

டிஎஸ்18பி20 வெப்ப உணரி ஒன்றை வெளியேறும் துளையருகே வையுங்கள். அங்கே வரும் காற்று அறையைவிட 10 டிகிரிக்குள் கூடுதலாக இருந்தால் நல்ல நிலை. 15 தாண்டினால் வடிகட்டி அடைத்திருக்கிறது அல்லது ஃபேன் தளர்ந்திருக்கிறது. 50 டிகிரி தொட்டால் வேலையை நிறுத்துங்கள். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. இன்று வேலை செய்கிறதே என்று 60 டிகிரியில் ஓட்டுவதன் விலை பின்னால்தான் தெரியும்.

அகச்சிவப்பு வெப்பமானியால் பளபளப்பான அலுமினியத்தை அளந்தால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, அதன் மேல் அளக்கவும். மின்சாரம் ஓடும் வெற்று முனைகளில் டேப் ஒட்டக் கை வைக்காதீர்கள்.

வயர் முனைகளையும் ஒருமுறை பாருங்கள். தளர்ந்த ஸ்க்ரூ முனை ஒன்று, பெட்டி முழுக்கக் குளிர்ந்திருந்தாலும், தானாக உருகும். பல இழை வயரில் ஈயம் பூசித் திருகினால் ஈயம் நாளடைவில் அமுங்கி இணைப்பு தளரும். வயர் முனையில் பின் லக் என்ற சிறு உலோக உறையை அழுத்தி மாட்டி, அதைத் திருகுவதே சரி.

ஃபேன் நின்றுபோனால் லேசர் தானாக அணைய என்ன செய்வது?

55 டிகிரியில் திறக்கும் இருஉலோகத் தெர்மோஸ்டாட் ஒன்றை வெளியேறும் துளையருகே பொருத்தி, தண்ணீர் ஓட்ட உணரியோடு தொடராக, லேசர் சப்ளையின் பாதுகாப்பு முனையில் இணையுங்கள். சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையை வாங்க வேண்டும்; அப்போதுதான் வயர் அறுந்தாலும் லேசர் அணையும். கண்ட்ரோலரின் மென்பொருளை நம்பி இதை விடாதீர்கள், அதுவும் அதே சூட்டில்தான் இருக்கிறது.

பெட்டி ஃபேனை லேசரோடு சேர்த்து அணைத்துவிடாமல் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடவிடுங்கள். வேகக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் நான்கு வயர் ஃபேன் வாங்கி 25 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வேகமாக விட்டு விட்டு வரும் சிக்னல்) கொடுங்கள். இரண்டு வயர் ஃபேனை வெட்டி வெட்டி இயக்கினால் முனகும், குறைந்த வேகத்தில் தொடங்காமலும் போகும்.

சுத்தம் எப்படி, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?

நுரை வடிகட்டியை ஒளிக்கு நேரே பிடித்தால் ஒளி மங்கலாகத் தெரியத் தொடங்கும்போது சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அதிகம் வெட்டுபவர்களுக்கு இது வாரக் கணக்கில் வரும்.

உள்ளே அழுத்தக் காற்றால் ஊதும்போது ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்; சுழலவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் கெடும். போர்டில் கரிப்படலம் தெரிந்தால் ஊதுவது பயனில்லை, பிசின் ஒட்டியிருக்கும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் எடுத்துத் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். செம்பிலோ பின்களிலோ பச்சைப் பூப்பு தெரிந்தால், வெட்டிய பொருள்களில் பிவிசி கலந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது. அது உங்கள் நுரையீரலையும் இயந்திரத்தையும் ஒருசேர அரிக்கும், எந்த ஃபேனாலும் அதைச் சமாளிக்க முடியாது.